வேடமும் வரிசையும்: டிஸ்னி பூங்காவில் யாருக்கு விடுமுறை?

1. கேள்வி

2021 ஏப்ரலில் டிஸ்னி நிறுவனம் தன் பூங்கா ஊழியர்களுக்கான தோற்ற விதிகளைத் தளர்த்தியது. பாதுகாப்பு, பணிவு, காட்சி, திறன் என்று ஊழியர் பயிற்சியில் நெடுங்காலமாகச் சொல்லித்தரப்பட்ட நான்கு 'சாவி'களோடு, எல்லோரையும் உள்ளடக்குதல் என்ற ஐந்தாவது சாவியும் சேர்ந்திருந்தது. பச்சை குத்திய கையை இனி மறைக்க வேண்டியதில்லை. தலைமுடி, நகப்பூச்சு, நகை, சீருடை ஆகியவற்றில் ஆணுக்கு இது, பெண்ணுக்கு அது என்ற கறாரும் தளர்ந்தது. அதே மாதம் ஆர்லாண்டோ சென்டினல் நாளிதழில் ஒரு கருத்துக் கட்டுரை வெளியாகிப் பரபரப்பானது. எழுதியவர் டிஸ்னி வேர்ல்டின் தீவிர ரசிகர். கற்பனை உலகில் மூழ்கித் திளைக்கத்தான் இவ்வளவு பணம் கட்டி வருகிறோம்; ஊழியரின் தனிப்பட்ட அடையாளம் கண்ணில் பட்டால் அந்த மயக்கம் கலைந்துவிடுகிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அந்தக் கட்டுரையைக் கேலி செய்தவர்களும் ஆதரித்தவர்களும் அமெரிக்கக் கட்சி அரசியல் கோட்டின் இருபுறமும் பிரிந்து நின்றார்கள். ஆனால் அதற்குள் கட்சி சாராத ஒரு பழைய கேள்வி இருக்கிறது. ஒருவருடைய விடுமுறை இன்பத்துக்காக இன்னொருவர் தன்னை எவ்வளவு மறைத்துக்கொள்ள வேண்டும்? அலுவலகத்தில் நடக்கும் பன்மைத்துவப் பேச்சும், தீம் பார்க் விடுமுறை குறித்த ஆளுக்கொரு அபிப்பிராயமும் வெவ்வேறு விஷயங்களாகத் தோன்றலாம். டிஸ்னி பூங்காவின் வாயிலுக்குள் அவை ஒன்றாகிவிடுகின்றன. அங்கே ஒருவரின் பணியிடமே இன்னொருவரின் விடுமுறைத் தலம். ஊழியரின் முகமே விற்பனைப் பொருளின் ஒரு பகுதி.

இக்கட்டுரை இரண்டு விஷயங்களை நிறுவ முயல்கிறது. ஒன்று, பூங்கா ஒரு காலத்தில் அரசியல் கலக்காத இடமாக இருந்தது என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. மற்றொன்று, அந்த நம்பிக்கையை எதிர்த்து எழுந்த பன்மைத்துவ விவாதமும் பூங்காவின் முக்கியமான பிரிவினை ஒன்றைக் கவனிக்கத் தவறியது.

2. இதுவரையான வாசிப்புகள்

டிஸ்னி பூங்காக்களைப் பற்றிய புகழ்பெற்ற எழுத்துகளில் ஒரு வகை, அவற்றைப் போலிமையின் உச்சமாகக் கண்டது. அசலைவிட நகலே மேல் என்று நம்பவைக்கும் இடமாக உம்பர்த்தோ எக்கோ அதை வாசித்தார். வெளியே இருக்கும் அமெரிக்கா உண்மையானது என்று நம்பவைப்பதற்காகவே டிஸ்னிலாந்து கற்பனையாகக் காட்டப்படுகிறது என்றார் ழான் பொத்ரியார். ஐரோப்பியச் சிந்தனையாளர்களின் கூர்மை இவற்றில் உண்டு. ஆனால் இந்த வாசிப்புகளில் கோட்டையும் பொம்மையும் தெரிகிற அளவுக்கு, கோட்டை வாசலில் எட்டு மணி நேரம் நிற்கும் ஊழியர் தெரிவதில்லை.

இரண்டாம் வகை உழைப்பைப் பார்த்தது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹோக்ஷீல்ட், 1983-இல் வெளியான நூலில், உணர்ச்சியை அடக்கவும் காட்டவும் கூலி பெறும் வேலையை 'உணர்வு உழைப்பு' என்று அடையாளப்படுத்தினார். டிஸ்னிலாந்தில் தாமே வேலை பார்த்த ஜான் வான் மானன், அங்கே புன்னகை எப்படித் தயாராகிறது என்பதை 1991-இல் எழுதினார். எரிச்சலூட்டும் விருந்தினருக்கு இருக்கைப் பட்டையை வேண்டுமென்றே இறுக்கிக் கட்டுவது போன்ற சின்னச் சின்னப் பழிவாங்கல்களை அவர் பதிவு செய்கிறார். சவாரிகளை இயக்கியவர்கள் பெரும்பாலும் களையான முகமுள்ள வெள்ளையின இளைஞர்கள் என்பதும் அவருடைய குறிப்பில் இருக்கிறது. ஆலன் பிரைமன் 2004-இல் வெளியிட்ட நூலில், கருப்பொருள் அமைத்தல், நடிப்பாக மாறிய உழைப்பு போன்ற டிஸ்னியின் முறைகள் உணவகம், கடை போன்ற இடங்களுக்கும் பரவிவிட்டதாக வாதிட்டார்.

இந்த இரண்டாம் வகை வாசிப்பே நமக்கு அடித்தளம். எனினும் அது பெரும்பாலும் நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையிலான உறவாக நிற்கிறது. மூன்றாமவரான வருகையாளர், தன் இன்பத்தின் பெயரால் ஊழியரின் தோற்றத்தின்மீது உரிமை கோருவது தனியாக ஆராயப்பட வேண்டியது.

3. 'அரசியல் இல்லாத' பூங்காவின் வரலாறு

அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. 1963-இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போக முடியாது என்று தன் ஆறு வயது மகளுக்கு விளக்க நேர்ந்த துயரைக் குறிப்பிடுகிறார். நிறவெறியின் கொடுமைகளைப் பட்டியலிடும் அந்த இடத்தில் பூங்காவும் இடம்பெறுவது தற்செயல் என்று சொல்வதற்கில்லை. விளம்பரம் எல்லாக் குழந்தைகளையும் அழைத்தது. வாயில் சிலரை மட்டும் உள்ளே விட்டது.

பால்டிமோருக்கு அருகே இருந்த குவின் ஓக் பூங்காவின் கதை இன்னும் துல்லியமானது. 1963 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள் அன்று, அங்கே அனுமதி கேட்டுப் போராடிய 280-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பாதிரியார்களும் யூத குருமார்களும் அவர்களில் இருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 28-இல், வாஷிங்டன் பேரணி நடந்த நாளிலேயே, பூங்கா எல்லோருக்கும் திறந்தது. ஒரு வயதுகூட நிரம்பாத கறுப்பினப் பெண் குழந்தை ஒன்று குதிரை ராட்டினத்தில் ஏறியது. அந்த ராட்டினம் பின்னாளில் வாஷிங்டன் தேசியத் திடலுக்குக் கொண்டுவரப்பட்டது.

1955-இல் திறந்த டிஸ்னிலாந்து விருந்தினரை நிறம் பார்த்துத் தடுக்கவில்லை. ஆனால் யாரை எந்த வேடத்தில் நிறுத்துவது என்பதில் நிறம் இருந்தது. தொடக்க ஆண்டிலேயே அங்கே 'ஆன்ட் ஜெமைமா' பான்கேக் கடை திறந்தது. அடிமைக் காலச் சமையற்காரியின் வேடத்தில் ஒரு கறுப்பினப் பெண் விருந்தினரை வரவேற்றார். அவர் பூங்காவில் கண்ணுக்குத் தெரிந்தார். வெள்ளையர் நினைவில் இனித்த ஒரு வேடத்தில் மட்டும் தெரிந்தார்.

பாலினத்தின் வரலாறும் இதேதான். 1980-இல் டிஸ்னிலாந்தில் சேர்ந்து நடனமாடிய இரு ஆண்கள் வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு நடந்து 1984-இல் தீர்ப்பு பூங்காவுக்கு எதிராக வந்தது. 1991 ஜூனில் தன்பாலீர்ப்பாளர்கள் சிவப்புச் சட்டை அணிந்து ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் கூடும் வழக்கம் தொடங்கியது. அது நிறுவனம் நடத்திய விழா இல்லை. கட்டணம் செலுத்தி வந்தவர்கள் தாங்களாகக் கூடியது. ஒருவரையொருவர் அடையாளம் காண ஒரு சட்டை நிறம் தேவைப்பட்டது என்பதே, மற்ற நாட்களில் அவர்கள் எவ்வளவு மறைந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

ஆக, பழைய பூங்காவில் விருந்தினர் உணர்ந்த நிம்மதி தானாக அமைந்தது அன்று. சிலரை வெளியே நிறுத்தியும், சிலருக்கு வேடம் மாட்டியும், சிலரை மறைத்தும் அது உருவாக்கப்பட்டது. மறைக்கப்பட்டவர்கள் வெளியே வரும்போதுதான் 'அரசியல் நுழைந்துவிட்டது' என்ற குரல் எழுகிறது.

4. மறைக்கப்பட்ட அஞ்சல்காரர்

ஊழியரின் தோற்றத்தின்மீது டிஸ்னி காட்டிய கறார் பிரசித்தம். வால்ட் டிஸ்னியே மீசை வைத்திருந்தவர். ஆயினும் ஊழியர் மீசை வைக்க 2000-த்திலும், ஒட்ட நறுக்கிய தாடி வைக்க 2012-இலும்தான் அனுமதி கிடைத்தது. 2010-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னி விடுதி உணவகத்தில் பணியாற்றிய முஸ்லிம் பெண் ஒருவர் தலைத்துணி அணிய விரும்பியபோது, விருந்தினர் கண்ணில் படாத வேலைக்குப் போகலாம், அல்லது துணியின்மேல் தொப்பி அணியலாம் என்ற மாற்றுகள் முன்வைக்கப்பட்டன. அவர் 2012-இல் வழக்குத் தொடர்ந்தார்.

எல்லாவற்றிலும் தெளிவான உதாரணம் சீக்கிய அஞ்சல் ஊழியர் ஒருவருடையது. டிஸ்னி வேர்ல்டில் 2008-இல் வேலைக்குச் சேர்ந்த அவர், தலைப்பாகையும் தாடியும் தோற்ற விதிக்கு ஒத்துவராதவை என்பதால் விருந்தினர் பார்வையில் படாத தடத்தில் மட்டும் கடிதம் விநியோகிக்க வைக்கப்பட்டார். சக ஊழியர்கள் எல்லாத் தடங்களிலும் மாறி மாறிப் போனார்கள். மனித உரிமை அமைப்புகள் தலையிட்டபின் 2015-இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அவர் மிக்கி மௌஸ் வேடம் கேட்கவில்லை. இளவரசியின் அருகில் நிற்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. கடிதப் பையோடு நடந்துபோகும் ஒரு மனிதரின் தலைப்பாகைகூட மயக்கத்தைக் கலைக்கும் என்று கருதப்பட்டால், அந்த மயக்கம் எத்தகைய மனிதர்களைக் கொண்டு கட்டப்பட்டது என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

இங்கே அமெரிக்கச் சட்ட வரலாற்றில் ஒரு தீர்ப்பு உதவுகிறது. விமானப் பணியாளர் வேலைக்கு ஆண்களை எடுக்க மறுத்த பான் ஆம் நிறுவனம், பயணிகள் பெண்களையே விரும்புகிறார்கள் என்று வாதாடியது. டிஸ்னி வேர்ல்ட் திறந்த அதே 1971-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. பயணிகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதே விமான நிறுவனத்தின் சாராம்சம். இனிய சூழல் அதன் ஓரத்தில் இருப்பது. வாடிக்கையாளரின் விருப்பம் பாகுபாட்டுக்கு நியாயம் ஆகாது என்பது அதன் தர்க்கம்.

இந்தத் தர்க்கத்தைப் பூங்காவுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. விமானத்தில் இனிய சூழல் உபரி. பூங்காவில் அதுதான் சரக்கு. டிஸ்னியின் ரசிகர் முன்வைக்கும் வாதத்தின் வலிமையான பகுதி இது. இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. சிண்டரெல்லா வேடமிட்டவர் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. நாடக மேடைக்கும் அந்த விதி உண்டு. ஆனால் குறிப்பிட்ட கதாபாத்திரத்துக்குப் பொருந்தும் விதியைப் பூங்காவின் ஒவ்வொரு ஊழியருக்கும் நீட்டும்போது, நடிப்பின் தேவை என்ற பெயரில் சமூகத்தின் பழக்கம் உள்ளே வந்துவிடுகிறது. இளவரசிக்கு வேடம் வேண்டும். ஐஸ்கிரீம் விற்பவருக்கும் அஞ்சல்காரருக்கும் வேலைதான் உண்டு. 2021-இன் விதித் தளர்வை இந்தக் கோட்டை ஓரளவு சரியான இடத்தில் போட்ட முயற்சியாகவே மதிப்பிட வேண்டும்.

5. நிறுவனம் என்ன செய்தது, ஏன் செய்தது

நிறுவனத்தின் மாற்றங்களை அறத்தின் வெற்றி என்று ஒருதரப்பும், சித்தாந்தத் திணிப்பு என்று மறுதரப்பும் வாசிக்கின்றன. ஆதாரங்கள் இரண்டுக்கும் முழுமையாகப் பிடிகொடுப்பதில்லை.

1995-இல் டிஸ்னி, ஒரே பாலினத் துணைவருக்கும் மருத்துவக் காப்பீட்டை நீட்டிப்பதாக அறிவித்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல் உறுப்பினர்களைக் கொண்ட தெற்கு பாப்டிஸ்ட் சபை மாநாடு 1997-இல் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்து, 2005-இல் அதை விலக்கிக்கொண்டது. அந்த எட்டு ஆண்டுகளில் பூங்காக்கள் வெறிச்சோடிவிடவில்லை. திட்டும் வாய் ஒன்று, டிக்கெட் எடுக்கும் கை இன்னொன்று என்பது விடுமுறை விவாதங்களின் பொதுவான இயல்பு. காப்பீட்டு முடிவோ சாதாரண ஊழியர்களின் வாழ்க்கையில் உடனடியாக உறைத்தது.

2020 ஜூனில், ஸ்பிளாஷ் மவுண்டன் சவாரியை மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. அடிமை முறைக்குப் பிந்தைய தென்மாநிலத் தோட்ட வாழ்க்கையை இனிப்பாகக் காட்டியதாகக் கண்டிக்கப்பட்ட 1946-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றை ஒட்டி அமைந்த சவாரி அது. படத்தை நிறுவனமே பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் விடவில்லை. சவாரியை மட்டும் 1989 முதல் ஓட்டிக்கொண்டிருந்தது. 2024 ஜூனில் டிஸ்னி வேர்ல்டில், கறுப்பின இளவரசி டியானாவின் கதையோடு அதே நீர்ச்சரிவு மீண்டும் திறந்தது. சரிவும் நீரும் அப்படியே இருந்தன, சொல்லப்படும் கதை மாறியது. தங்கள் இளமை நினைவு அழிக்கப்பட்டதாக வருந்தியவர்கள் உண்டு. தங்கள் குழந்தை முதன்முறையாகத் தன்னைப்போன்ற நாயகியைக் கண்டதாக மகிழ்ந்தவர்களும் உண்டு. இரண்டு உணர்வுகளும் பொய்யில்லை.

2022-இல் பிரச்சினை பூங்காவைத் தாண்டியது. தொடக்க வகுப்புகளில் பாலின அடையாளம் குறித்துக் கற்பிப்பதைத் தடுக்கும் சட்டம் ஃப்ளோரிடாவில் வந்தபோது, அப்போதைய தலைமை நிர்வாகி பாப் சேபெக் முதலில் பகிரங்கமாக வாய்திறக்கவில்லை. ஊழியர்கள் எதிர்த்ததும் மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகும் ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். நிறுவனம் அரசியல் நடுநிலை காக்க வேண்டும், மாற்றுக் கருத்து கொண்ட நாங்கள் பேச அஞ்சுகிறோம் என்று பழமைவாத ஊழியர்கள் சிலர் தனியே ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். பணியிடப் பன்மைத்துவம் என்றால் கருத்துப் பன்மையும் அதில் சேருமா என்ற கேள்வியை அந்த மடல் எழுப்பியது. அதற்கு விரிவான பதில் எங்கும் கிடைக்கவில்லை. ஆளுநர் ரான் டிசான்டிஸோ நிறுவனத்தைத் தண்டிக்க இறங்கினார். 1967 முதல் டிஸ்னிக்குத் தன்னாட்சி தந்த சிறப்பு மாவட்டத்தின் கட்டுப்பாடு பறிபோனது. 2024 மார்ச்சில் மாநில நீதிமன்ற வழக்குகள் சமரசத்தில் முடிந்தன.

2025 பிப்ரவரியில், உயர் நிர்வாகிகளின் ஊதியத்தைத் தீர்மானிக்கும் அளவுகோல்களிலிருந்து பன்மைத்துவம் என்ற தலைப்பு நீங்கி, 'திறன் உத்தி' என்ற பெயரில் வேறொன்று வந்தது. காற்றுக்கேற்பப் பாய்மரம் திரும்பியது. நிறுவனம் தலைப்புகளை மாற்றிக்கொள்ளும். காப்பீடு, தாடி, தலைப்பாகை போன்ற நடைமுறை உரிமைகளை ஒருமுறை தந்தபின் பறிப்பது கடினம். நிலைத்தது எது என்று கேட்டால், முழக்கத்தைவிட விதிப் புத்தகத்தின் திருத்தமே என்று தெரிகிறது.

இதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா கலேவும் 800-க்கு மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் பல பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். கட்டாயப் பன்மைத்துவப் பயிற்சி பெரும்பாலும் பலனளிப்பதில்லை, சில வேளைகளில் எதிர்விளைவையே தருகிறது. வழிகாட்டி முறை, இலக்கு வைத்த ஆள்சேர்ப்பு போன்ற நடைமுறை ஏற்பாடுகள் பலன் தருகின்றன என்பது அவர்களின் முடிவு.

6. பேசப்படாத வரிசை

பூங்காவுக்குள் யார் தெரியலாம் என்று ஊர் முழுக்க விவாதித்த அதே ஆண்டுகளில், யார் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதும் மாறிக்கொண்டிருந்தது. 1971-இல் டிஸ்னி வேர்ல்டின் நுழைவுக் கட்டணம் 3.50 டாலர், சவாரிகளுக்குத் தனிச் சீட்டு. 2022 டிசம்பரில் அங்குள்ள மேஜிக் கிங்டம் பூங்காவின் உச்ச நாள் கட்டணம் 189 டாலர். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய ஏற்றம். 1999-இல் வந்த, காத்திருப்பைக் குறைக்கும் ஃபாஸ்ட்பாஸ் சீட்டு இலவசமானது. கோடீஸ்வரரும் பள்ளி ஆசிரியரும் ஒரே இயந்திரத்தில் சீட்டு எடுத்தார்கள். 2021-இல் அதன் இடத்துக்கு வந்த ஜீனி பிளஸ் டிஸ்னி வேர்ல்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர் கேட்டது. 2024-இல் வந்த பிரீமியர் பாஸ் பலநூறு டாலரைத் தொட்டது. உள்ளடக்குதலின் பெயரிலான விதித் தளர்வும் கட்டண வரிசையும் ஒரே ஆண்டில் அறிமுகமாயின.

மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை இந்த முரண்பாட்டின் கூர்முனை. வரிசையைத் தாண்டுவதற்காக வசதி படைத்தவர்கள் மாற்றுத்திறனாளி வழிகாட்டிகளை வாடகைக்கு அமர்த்துவதாகச் செய்தி வெளியான 2013-இல் பழைய முறை கைவிடப்பட்டுப் புதிய முறை வந்தது. 2024-இல் அதுவும் இறுக்கப்பட்டு, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களையே முதன்மையாகக் கருதுவது என்றானது. நீண்ட நேரம் நிற்க முடியாத வேறு நோயாளிகள் பலர் விலக்கப்பட்டதாகக் குமுறினார்கள். இலவச வேகத் தடம் எல்லோருக்கும் இருந்தபோதே இந்தச் சலுகைக்கு ஒரு சந்தை இருந்தது. காத்திருக்காமைக்கு நிறுவனமே விலை வைத்தபின், ஒவ்வொரு சலுகைச் சீட்டும் இன்னும் சந்தேகத்துக்கு உரியதானது.

ஊழியர் பக்கமும் இதுவே நிலை. 2018-இல் டிஸ்னிலாந்து ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், 73 சதவீதத்தினர் அடிப்படைச் செலவுக்கே ஊதியம் போதவில்லை என்றார்கள்; 11 சதவீதத்தினர் முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஏதோ ஒரு கட்டத்தில் வீடின்றி இருந்தவர்கள். தொழிற்சங்கங்களுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். நிறுவனமும் அதை ஏற்கவில்லை. ஆனால் அதே ஆண்டு, டிஸ்னிலாந்து அமைந்துள்ள அனஹைம் நகர வாக்காளர்கள் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அது டிஸ்னிலாந்துக்கும் பொருந்தும் என்று வழக்காடி ஊழியர்கள் வென்றார்கள். 2024-இல் 23 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. பெண்களுக்கு ஊதியம் குறைவு என்ற இன்னொரு கூட்டு வழக்கு, குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தபோதும், அதே ஆண்டு 4 கோடியே 32.5 லட்சம் டாலரில் முடிந்தது. டிஸ்னியில் பன்மைத்துவத்தின் மிகப்பெரிய பணப் பலன்களுள் இவற்றைச் சேர்க்கலாம். விடுமுறை விவாதங்களில் இவை அடிபடவே இல்லை.

7. தமிழர் தொடும் ஓர் ஓரம்

இந்த விவாதம் தமிழ்நாட்டைத் தொடும் ஓர் இடமும் உண்டு. 2015 ஜனவரியில் டிஸ்னியின் ஆர்லாண்டோ அலுவலகத்தில் சுமார் 250 தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் வேலை இழந்தார்கள். தங்கள் இடத்துக்கு எச்-1பி விசாவில் வந்த இந்தியர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுத்துவிட்டுப் போக நேர்ந்ததாக அவர்களில் பலர் சொன்னார்கள். டிஸ்னியையும், எச்சிஎல், சென்னையில் 1994-இல் பிறந்த காக்னிசன்ட் ஆகிய நிறுவனங்களையும் எதிர்த்து வழக்குகள் பதிவாகின. 2016-இல் அவை தள்ளுபடியாயின.

சட்டப்படி விஷயம் முடிந்தது. பன்மைத்துவப் பேச்சுக்கோ அது இன்றும் சங்கடமானது. புதிதாக வந்தவர்களின் முகங்களை மட்டும் எண்ணினால் அலுவலகம் முன்பைவிடப் பன்மையானது. வெளியேறியவர்களின் கண்ணில் அதே பன்மை கூலிக் குறைப்பின் மறுபெயர். வந்தவர்களும் வேலையும் விசாவும் ஒன்றாகப் பிணைந்திருந்ததால் எதிர்த்துப் பேச இடமில்லாதவர்கள். முகங்களை எண்ணும் அளவுகோல், யாருக்கு எவ்வளவு பேரம் பேசும் பலம் உண்டு என்பதை அளப்பதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

8. முடிவுரை

மேற்கண்ட ஆதாரங்களிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, 'விடுமுறையில் அரசியல் வேண்டாம்' என்ற கோரிக்கையை வைப்பவரைக் கெட்ட எண்ணம் கொண்டவராகக் கருத வேண்டியதில்லை. அவர் களைப்பாக இருக்கலாம், சேமித்த பணத்தில் வந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்கும் ஓய்வுக்கு யார் மறைந்து நிற்க வேண்டியிருக்கிறது என்ற கணக்கைக் காட்டாமல் அந்தக் கோரிக்கையை ஏற்க முடியாது. குவின் ஓக் வாயிலும் அஞ்சல்காரரின் தடமும் அந்தக் கணக்கின் பழைய வரவுசெலவுகள்.

இரண்டாவது, வேடத்துக்கும் வேலைக்கும் இடையிலான கோடு பயனுள்ள அளவுகோல். கதாபாத்திரம் கோரும் கட்டுப்பாடு நியாயமானது. கதாபாத்திரமே இல்லாத ஊழியரிடம் அதே கட்டுப்பாட்டைக் கேட்பது வாடிக்கையாளரின் முன்முடிவுக்குப் பணிவது. தீம் பார்க்குக்கு வெளியே, வாடிக்கையாளர் முன் ஊழியரை நிறுத்தும் எந்தக் கடைக்கும் விடுதிக்கும் இந்த அளவுகோல் செல்லும்.

மூன்றாவது, பூங்காவில் யார் தெரிகிறார் என்பதோடு யார் காத்திருக்கிறார், யார் எவ்வளவு கூலி பெறுகிறார் என்பதையும் கேட்காத பன்மைத்துவ விவாதம் நிறுவனங்களுக்கு மலிவானது. சவாரியின் கதையை மாற்ற ஒருமுறை செலவழித்தால் போதும். ஊதியத்தை உயர்த்த ஆண்டுதோறும் செலவழிக்க வேண்டும். எந்தச் செலவை ஒரு நிறுவனம் தானாகச் செய்கிறது, எதை வாக்கெடுப்பும் வழக்கும் வந்தபின் செய்கிறது என்று பார்த்தால், அதன் அறிவிப்புகளை எடைபோட வேறு அளவுகோல் அதிகம் தேவைப்படாது.